தண்ணிக்கு மேலால் போன கோடு

இவர், என் மனுசன், லிஃப்ட் திருத்துகிறவர். கிழமை நாட்களில் ரொறன்ரோவின் உயர்ந்த கட்டடங்களுக்குள், எண்ணெய் மணக்கும் குழிகளில் நின்று, மற்றவர்கள் மேலே போய்க் கீழே வர வழி செய்து கொடுப்பார். சனி ஞாயிறில் தானும் மேலே போவார், கம்பியும் கூரையும் இல்லாத இடத்துக்கு. கலியாணம் முடித்த காலத்தில், இந்த மனுசனுக்குள் இப்படி ஒரு ஆசை கிடக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். எங்கள் ஆட்களில் ஆண்கள் நாற்பதைத் தாண்டினால் கோயில் நிர்வாகத்துக்குப் போவார்கள், பழைய மாணவர் சங்கத்துக்குப் போவார்கள், இல்லையென்றால் பேஸ்மென்ற்றில் பார் கட்டுவார்கள். இவர் கிளைடர் ஓட்டப் போனார்.

நகரத்துக்கு வடமேற்கே, உருளைக்கிழங்குத் தோட்டங்களுக்கு நடுவில், புல்லை ஒட்ட வெட்டிவிட்டு ஓடுபாதை என்று சொல்லுகிற ஒரு நிலம். ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகையும் ஒரு மரக் கட்டடமும். அதுதான் இவருடைய கழகம். சாதாரண கிளைடருக்கு எஞ்சின் கிடையாது. இன்னொரு விமானம் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய் மேலே விடவேண்டும். இவரும் வேறு இரண்டு பேரும் கூட்டாக வைத்திருந்தது மோட்டர் கிளைடர். நீண்டு மெலிந்த வெள்ளை இறக்கைகள். ஓட்டுகிறவரின் தலைக்குப் பின்னால் ஒரு சின்ன எஞ்சின் மடிந்து கிடக்கும். அது நிமிர்ந்து, சுழன்று, மேலே ஏற்றிவிடும். ஏறியதும் நிறுத்தி, மடித்து, உள்ளே வைத்துவிடுவார்கள். அதன்பிறகு வெயிலில் காய்ந்த நிலத்திலிருந்து சூடாக எழும்புகிற காற்றைத் தேடிப்பிடித்து, அதற்குள் சுற்றிச்சுற்றி உயர்ந்து, அந்த உயரத்தைச் செலவழித்து அடுத்த காற்றுக்கு. இப்படியே ஊர் விட்டு ஊர். காற்று ஏமாற்றினால் மட்டும் திரும்ப எஞ்சின்.

"காத்துத் தூக்கேக்கை முதுகுக்குக் கீழை ஆரோ கை வைச்ச மாதிரி இருக்கும்," என்று ஒருநாள் சோறு தின்றுகொண்டே சொன்னார். அந்த ஒரு வசனத்தை இன்னும் வைத்திருக்கிறேன். இவர் எனக்குத் தந்த வசனங்கள் குறைவு.

இவர் லைசென்ஸ் எடுத்த அன்று நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"எங்கை வேணுமெண்டாலும் போங்கோ. தண்ணிக்கு மேலாலை மட்டும் போகாதையுங்கோ."

"உமக்கென்ன விசரே? தண்ணிக்கு மேலை காத்து எழும்பாது. தண்ணியைக் கண்டா ஒருத்தரும் கிட்டப் போகமாட்டினம்."

"போகமாட்டன் எண்டு சொல்லுங்கோ."

"போகமாட்டன். காணுமோ?"

ஏன் கேட்டேன் என்று அவருக்குத் தெரியும். என் தம்பி பத்தொன்பது வயதில் மன்னார்க் கரையிலிருந்து வள்ளத்தில் இந்தியாவுக்குப் புறப்பட்டவன். போய்ச் சேரவில்லை. வள்ளமும் எந்தக் கரையிலும் ஒதுங்கவில்லை. இவர் அவனைக் கண்டதே கிடையாது, எங்கள் ஹோலில் மாட்டியிருக்கும் படத்தில் கண்டதுதான். அந்தப் படத்துக்கு மாலை இல்லை. செத்துப்போனான் என்று ஒருவரும் வந்து சொல்லாதபடியால் அம்மா கடைசிவரை மாலை போட விடவில்லை, அம்மா போன பிறகு எனக்கும் மனம் வரவில்லை. மாலையில்லாத படத்தைப் பார்க்கிற ஆட்கள், "ஆர் இது, உங்கடை தம்பியோ? எங்கை இருக்கிறார்?" என்று கேட்பார்கள். நான் தேத்தண்ணி போட எழும்பிவிடுவேன். இவரிடம் நான் அவனைப் பற்றி வாய் திறந்தது, எங்கள் முழுக் கலியாண வாழ்க்கையிலும், ஒரேயொரு தரம்.

கழகத்தில் ஒரு பரிசு உண்டு. மோட்டர் கிளைடரில் அந்தப் பருவத்திலேயே ஆகத் துணிச்சலான நெடும்பயணம் போனவருக்கு. எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம் என்பதெல்லாம் அவர்களுக்குக் கணக்கில்லை. மனுசன் எதற்குத் துணிந்தான், எப்படித் தப்பி வந்தான் என்பதுதான். எழுதிக் கொடுப்பதும் கிடையாது. பனி தொடங்குமுன் ஒரு சனிக்கிழமை மத்தியானம் எல்லோரும் கூடிச் சாப்பிடுவார்கள். போட்டியில் நிற்கிறவர் எழும்பி, தான் போன பாதையைச் சுவரில் போட்டுக் காட்டி, தன் வாயால் கதையைச் சொல்லவேண்டும். விமானத்துக்குள் இருக்கும் சின்னப் பெட்டி ஒன்று போன பாதையைக் கோடாகப் பதிந்து வைத்திருக்கும். கோடு இல்லாமல் கதை செல்லாது, கதை இல்லாமல் கோடு செல்லாது. கேட்டு முடிந்ததும் முன்னர் பரிசு வாங்கிய கிழவர்கள் சமையல் நடக்கிற குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக் கதைத்துவிட்டு வெளியே வருவார்கள். பரிசு, ஒரு பலகையில் அறைந்த, முறிந்த விமான விசிறி இறக்கை. யாரோ எப்போதோ மரத்தில் மோதி முறித்தது.

இவருக்கு அது வேண்டும். வாய் திறந்து சொன்னதில்லை, ஆனால் ஹோல் சுவரில் ஒருநாள் ஒரு பெரிய ஆணி அடித்தார்.

"உது எதுக்கு?"

"சும்மா."

பள்ளிக்கூடத்தில் ஓட்டத்துக்கும் பரிசு கிடைக்கவில்லை, படிப்புக்கும் கிடைக்கவில்லை. இந்த நாட்டில் இவ்வளவு காலம் குழிக்குள் நின்றதற்கு ஒரு கொம்பனி, விபத்தில்லாமல் வேலை செய்தார் என்று ஒரு தொப்பி கொடுத்தது. அந்த ஆணியைப் பார்க்க எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. கிடைத்தால் கிடைக்கட்டும் என்று உண்மையாகவே நினைத்தேன். அதைச் சொல்லவேண்டும். பின்னால் வருகிற கசப்பு அந்த நினைப்பையும் தின்றுவிட்டது.

ஓகஸ்ட் மாதம். மில்லிக்கனில் ஒரு மண்டபத்தில் புதிதாய்ப் பெரியபிள்ளையான யாரோ ஒரு பிள்ளையின் சாமத்திய வீடு. பிள்ளையைப் பல்லக்கில் தூக்கிவர, மேளத்துக்கும் மைக்குக்கும் நடுவில் என் போன் அடித்தது. நான் கார்ப் பார்க்குக்கு ஓடிவந்து எடுத்தேன்.

"கொஞ்சம் பிந்தும்," என்றார். "ஒரு தோட்டத்திலை இறங்கிட்டன். ஒரு வயர் கழண்டு போச்சு."

"என்ன நடந்தது?"

"ஒண்டுமில்லை. நீர் சாப்பிடும்."

பின்னால் கடற்பறவைகள் கத்தின. உருளைக்கிழங்குத் தோட்டத்தில் என்ன கடற்பறவை என்று நினைக்க எனக்குத் தோன்றவில்லை. பின்னேரம் வந்தார். முகம் சிவந்து, உதடு வெடித்து, மண்டபத்தில் கட்டித்தந்த புரியாணியை நின்றபடியே தின்றார். பசி என்று நினைத்தேன்.

ஒண்டுமில்லை. எங்கள் வீட்டில் எல்லாக் கதவிலும் இந்தச் சொல் தொங்குகிறது. வேலை போனது, ஒண்டுமில்லை. நெஞ்சு நொந்து எமர்ஜென்சியில் கிடந்தது, ஒண்டுமில்லை. ஊரில் எறிகணை விழுந்தபோது பதுங்குகுழிக்குள் தகப்பன்மார் பிள்ளைகளுக்குச் சொன்ன சொல், கப்பலேறி விமானமேறிப் பெட்டிகளோடு வந்து எங்கள் பேஸ்மென்ற்றுகளில் குடியிருக்கிறது. சொல்லுகிறவருக்கு அது அன்பு. கேட்கிறவளுக்கு அது முகத்தில் சாத்துகிற கதவு.

செப்டெம்பரில் மகள்தான் காட்டினாள். யூனிவசிற்றியில் முதல் வருடம், தகப்பனைப் போலவே முகம், என்னைப் போலவே வாய். ஓட்டிகள் எல்லோரும் தங்கள் கோடுகளை ஏற்றி வைக்கிற இணையப் பக்கம் ஒன்று இருக்கிறது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள்.

"அம்மா, அப்பா உங்களுக்கு இதைச் சொன்னவரா?"

வரைபடத்தில் பச்சை நிலம். எங்கள் கழகத்திலிருந்து ஒரு சிவப்புக் கோடு கிளம்பி, வட்டம் வட்டமாகச் சுருண்டு, வடக்கே போய், ஹியூரன் ஏரிக்குள் விரலாய் நீண்டிருக்கும் தீபகற்பத்தின் நுனிவரை போனது. அங்கே சுருளவில்லை, நிற்கவில்லை. நேரே நீலத்துக்குள் இறங்கியது. எதிர்க்கரையில் ஒரு பெரிய தீவு. பெரிய படகில் கார்களை ஏற்றிக்கொண்டு சனங்கள் போவார்களே, அந்தத் தண்ணி. கோட்டுக்குக் கீழே உயரத்தைக் காட்டும் இன்னொரு கோடு இருந்தது. நடுத்தண்ணியில் அது படிக்கட்டிலிருந்து தவறி விழுந்தவனைப்போல் விழுந்திருந்தது.

கீழே கழகத்துக்காரர்கள் பாராட்டி எழுதியிருந்தார்கள். மகள் வாசித்துத் தமிழில் சொன்னாள், தன் தமிழில்.

"நடுவிலை எஞ்சினை வெளியிலை எடுத்திருக்கிறார். ஸ்ராட் பண்ணேல்லையாம். வெளியிலை நிண்டா அது காத்தைப் பிடிச்சு இன்னும் கீழை இழுக்குமாம். திரும்ப உள்ளுக்கை மடிச்சிட்டு, சும்மா மிதந்து போய் அங்காலை ஒரு ஃபார்மிலை இறங்கியிருக்கிறார். வயரைப் பூட்டிட்டு..." நிறுத்தினாள். "அம்மா, பிறகு அதே தண்ணிக்கு மேலாலை திரும்பி வந்திருக்கிறார். சேம் வே. இற்ஸ் க்ரேஸி."

ஒரு தரம் கைவிட்ட எஞ்சினோடு, திரும்ப அதே தண்ணிக்கு மேல்.

"அப்பாட்டைக் கேப்பமா?"

"வேண்டாம். அவரே சொல்லட்டும்."

அவர் சொல்லவில்லை. நான் இடம் கொடுத்துப் பார்த்தேன். மீன் வெட்டும்போது ஏரியைப் பற்றிக் கதைத்தேன். தீபகற்பத்துப் பக்கம் ஒருநாள் காரில் போய்வருவமா என்று கேட்டேன். "அங்கை என்ன இருக்கு, கல்லுத்தான்," என்றார். கல்லு என்று அவருக்கு எப்படித் தெரியும்? கேட்கவில்லை. தண்ணிக்கு மேலால் போனதை மன்னிக்கிற வலிமை என்னிடம் இருந்தது என்றே நினைக்கிறேன். ஒரு மனுசனுக்கு ஒரு தரம் விசர் பிடிக்கலாம். ஆனால் அவர் வாயால் வரவேண்டும். போனன், பயந்தனான், உம்மை நினைச்சனான், இல்லை நினைக்கேல்லை, எதுவாக இருந்தாலும்.

ஒக்ரோபரில் கழகத்துச் சாப்பாட்டுக்கு அழைப்பு வந்தது. இவருடைய பெயரும் போட்டியில்.

"நானும் வாறன்," என்றேன்.

முகம் மாறியது. "அங்கை வந்து என்ன செய்யப்போறீர்? வெள்ளையள் பியரைக் குடிச்சிட்டு உளறுவினம். சாப்பாடும் சப்பெண்டு இருக்கும்."

"பரவாயில்லை. நீங்கள் கதை சொல்லுறதைக் கேக்கவேணும்."

"என்ன கதை? ஒண்டுமில்லை. போனன், வந்தன்."

அத்தோடு நின்றிருக்கும். ஆனால் இது இவருடைய தமக்கையின் காதுக்குப் போனது. மச்சாள் அஜின்கோர்ட்டில் இருக்கிறா. குடும்பத்தில் யாருக்குத் தும்மல் வந்தாலும் மண்டபம் பிடிக்கிறவ. தம்பிக்குக் கனடாவில் ஆகாயவிமானப் பரிசு கிடைக்கப்போகிறது என்று வட்ஸ்அப்பில் உலகம் முழுக்க அறிவித்துவிட்டா. லண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் பூச்செண்டுப் படங்கள் வந்து விழுந்தன. "வானம் வென்ற தமிழன்" என்று யாரோ இவருடைய பழைய பாஸ்போட் படத்துக்குப் பின்னால் ஒரு ஜம்போ ஜெற்றை ஒட்டி அனுப்பியிருந்தார்கள்.

வேறு எந்தச் சனமும் இந்தப் பிழையை விடாது. பரிசு கிடைக்குமோ தெரியாத ஒரு மத்தியானச் சாப்பாட்டுக்கு, ஆளுக்கொரு சான்ட்விச் என்று எண்ணி வைத்திருக்கிற இடத்துக்கு, நாங்கள் கூட்டமாகப் போனோம். நானும் மகளும் ஒரு காரில் இவரோடு. மச்சாளும் புருசனும் மற்றக் காரில், மட்டன் ரோல்ஸ் ஒரு பெரிய தட்டோடும், ஸ்காபரோவில் வாங்கிய பொன்னாடையோடும். மச்சாள் அரக்குக் காஞ்சிபுரம். தகரக் கொட்டகைக்குப் பக்கத்துச் சேற்றில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கி, கதவுக்கு மேலே மாட்டியிருந்த பரிசைப் பார்த்தா.

"இஞ்சை, உந்த முறிஞ்ச விசிறியோ பரிசு? வெள்ளையளிட்டை ஒரு வெள்ளிக் கோப்பையும் இல்லையோ?"

"அக்கா, கொஞ்சம் மெல்லக் கதையுங்கோ," என்றார் இவர்.

"ஏன், உவைக்குத் தமிழ் விளங்கப்போகுதே?"

எங்களைக் கண்டு கழகத்துக்காரர்கள் சந்தோசமாகத்தான் ஓடித்திரிந்தார்கள். கூடுதல் கதிரை போட்டார்கள். ரோல்ஸ் தட்டு சூப்பு வருமுன்பே காலியானது. எல்லோருக்கும் இவரைப் பிடிக்கும் என்று தெரிந்தது. தோளில் தட்டினார்கள், கையைப் பிடித்துக் குலுக்கினார்கள், இன்று உன்னுடைய நாள் என்றார்கள். இவர் சிரித்துச் சிரித்து என் பக்கம் பார்த்தார். வீட்டில் ஒருநாளும் காணாத சிரிப்பு. உடனே அணைந்துவிடுகிற சிரிப்பு.

முதலில் எழும்பியவர் ஒரு பல் டொக்டர். மே மாதத்தில் கிழக்கே கியூபெக் எல்லைவரை போய் வந்தவர். கோடு சுவரில் ஓடியது, எல்லாம் நல்ல பச்சை நிலம். வழியில் ஒரு மேய்ச்சல் நிலத்தில் இறங்கினாராம், மாடு ஒன்று வந்து இறக்கையை நக்கத் தொடங்கியதாம், விரட்ட விரட்ட இன்னும் மாடுகள் வந்ததாம். நடித்துக் காட்டினார். மச்சாளுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தா.

பிறகு இவர்.

எழும்பி நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். புரொஜெக்டருக்குப் பக்கத்தில் நின்ற மனுசி, "உன்னுடைய ஃபைல்?" என்று கேட்டா.

"இல்லை," என்றார் இவர் இங்கிலீசில். "அன்றைக்கு ரெக்கோடர் வேலை செய்யவில்லை."

அங்கே இருந்த ஒவ்வொருவரும் அந்தக் கோட்டைப் பார்த்தவர்கள். கீழே பாராட்டி எழுதியவர்கள். மேசைக்குக் கீழே மகளின் நகம் என் கையில் பதிந்தது. "அம்மா, ஹி இஸ் லையிங்."

"பேசாமல் இரு."

சுவர் வெறும் வெள்ளையாய் வெளிச்சத்தில் நின்றது. அதற்கு முன்னால் நின்று இவர் சொன்னார். வடக்கே போனேன். காற்று நல்லாக இருந்தது. பிறகு அவ்வளவு நல்லாக இல்லை. ஒரு வயர் கழன்றது. ஒரு தோட்டத்தில் இறங்கினேன். பூட்டினேன். வந்துவிட்டேன். விவசாயி தேநீர் தந்தார், நல்ல மனுசன்.

அவ்வளவுதான். யாரோ ஒருவர், "தண்ணி...?" என்று தொடங்கினார். இவர் அந்த ஆளைப் பார்த்தார். அந்த ஆள் என்னைப் பார்த்தார். பிறகு தன் தட்டைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர்கள் எல்லோருக்கும் ஏதோ தெரிந்திருக்கிறது. என்னைப் பற்றி ஏதோ.

இவர் இருந்தார். மச்சாள் கை தட்டினா. கிழவர்கள் குசினிக்குள் போய் உடனேயே வெளியே வந்தார்கள். பரிசு பல் டொக்டருக்கு.

"என்ன, தம்பிக்கு இல்லையோ?" என்றா மச்சாள். "அப்ப பொன்னாடை?"

"விடுங்கோ அக்கா."

"வாங்கின பொன்னாடையைத் திருப்பி வீட்டை கொண்டுபோறதோ? விசரோ உனக்கு?" மச்சாள் எழும்பிப் போய், முறிந்த விசிறியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற பல் டொக்டருக்குப் பொன்னாடையைப் போர்த்திவிட்டா. மனுசன் திகைத்து, பிறகு பூரித்து, எல்லோரும் எழும்பிநின்று கை தட்டினார்கள். படம் எடுத்தது இவர். மச்சாளுக்காகவும் அந்த ஆளுக்காகவும், "கொஞ்சம் கிட்ட வாங்கோ" என்று சொல்லிச் சொல்லி, மூன்று நாலு தரம் எடுத்தார்.

கோப்பிக்காக நான் வெளி வராந்தாவுக்கு வந்தேன். இவரோடு கூட்டாகக் கிளைடர் வைத்திருக்கும் கிழவர் ஒருவர் பின்னாலேயே வந்தார். நீலக் கண், நடுங்கும் கை, மரியாதையான மனுசன். எத்தனையோ வருடமாகப் பரிசு கொடுக்கிறவர்களில் ஒருவர். தாழ்ந்த குரலில் இங்கிலீசில் சொன்னார்.

"எங்களுக்குக் கொடுக்க வழியில்லாமல் போய்விட்டது. கோடும் இல்லை, கதையும் இல்லை. அவன் ஏன் அப்படிச் செய்தான் என்று எனக்கு விளங்குகிறது. நீங்கள் இருந்தபடியால்தான். உங்களுக்கு அந்தத் தண்ணியைப் பற்றிக் கேட்க இயலாது என்று சொல்லியிருக்கிறான்."

நான் கோப்பியை வராந்தாப் படியில் வைத்தேன்.

"அன்று திரும்பி வந்து இறங்கியதும் இந்தப் படியில்தான் இருந்தான். எழும்ப முடியவில்லை. எங்களுக்கு எல்லாவற்றையும் சொன்னான். எஞ்சின் பிடிக்கவில்லை, தண்ணி மேலே வந்துகொண்டே இருந்தது, அலையின் நுரை தனித்தனியாகத் தெரிந்தது என்றான். அந்த நேரம் உங்கள் தம்பியோடு கதைத்தானாம். வாய்விட்டு. அந்தப் பெடியன் கடைசியாக எதைப் பார்த்திருப்பான் என்று இப்போதுதான் எனக்குத் தெரியும் என்றான். திரும்பி வரும்போது வேறு பாதையில் வந்திருக்கலாம். அந்தப் பெடியனை அங்கே விட்டுவிட்டு வர மனம் வரவில்லையாம்." கிழவரின் கண் கலங்கியது. "உங்கள் தம்பி உங்கள் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டுதான் வள்ளம் ஏறினானாமே. பட்டி பெரிதென்று நீங்கள் புது ஓட்டை போட்டுக் கொடுத்தீர்களாம். அதைக் கேட்டு இங்கே எல்லோரும் அழுதோம். இன்று அதைச் சொல்லியிருந்தால் பரிசு அவனுக்குத்தான். கேள்வியே இல்லை."

கடிகாரத்தை நான் இவருக்குச் சொன்னது பார்க்டேலில். கனடாவுக்கு வந்த புதிது, ஒற்றை அறை, ஜன்னலுக்கு வெளியே தண்டவாளத்தில் ஓடுகிற ஸ்ரீற்கார் மணி. பாத்திரம் கழுவிக்கொண்டு நின்ற இவருடைய முதுகுக்குச் சொன்னேன். ஊசியைச் சூடாக்கித் தோல் பட்டியில் ஓட்டை போட்டதை. அவன் கையை ஆட்டி ஆட்டிப் பார்த்து, "இப்ப கழண்டுபோகாது அக்கா" என்று சொன்னதை. சொல்லி முடித்து நின்றேன். இவர் திரும்பவில்லை. குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டார். தண்ணிச் சத்தத்தில் கேட்கவில்லையாக்கும் என்று நினைத்தேன். அப்படி நினைத்தே இத்தனை காலமும் சீவித்தேன். இரண்டாம் தரம் சொல்லத் துணிவு வரவில்லை.

கேட்டிருக்கிறார். ஓட்டை வரை கேட்டிருக்கிறார். ஒரு சொல் சிந்தாமல் வைத்திருந்து, புல்வெளியில் பியர் போத்தலோடு நின்ற மனிதர்களுக்குக் கொடுத்திருக்கிறார். அவர்கள் அழுதிருக்கிறார்கள். என் தம்பிக்காக முப்பது வருடத்தில் நான் ஒரு மனுசரோடு கூட இருந்து அழுததில்லை. உருளைக்கிழங்குத் தோட்டத்துக்கு நடுவில் முகம் தெரியாத ஒரு கூட்டம் எனக்கு முந்தி அழுது முடித்துவிட்டது. இப்போது என்னைப் பார்த்து, தட்டைக் குனிந்து பார்க்கிறது, நான் தாங்கமாட்டேன் என்று.

எதற்கு ஆத்திரப்படுவது என்றே பிடிபடவில்லை. எனக்காகத்தான் கோட்டை மறைத்தார், சரி. எனக்காகத்தான் அந்தப் பலகையை விட்டுக்கொடுத்தார், சரி. யார் கேட்டார்கள்? இவர் அந்தக் கதையைச் சொல்லியிருந்தால், என் தம்பியை விற்றுப் பரிசு வாங்கினீர்களே என்று இன்றைக்கு எழுதிக்கொண்டிருப்பேனோ? எழுதியிருப்பேன். தெரியும். அதற்காக இந்தக் கசப்பு குறையவில்லை.

கிழவருக்கு நன்றி சொன்னேன். அவர் என் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்திருந்தார். நல்ல மனுசன். அன்றைக்கு எனக்கு நல்ல மனுசர்களைப் பிடிக்கவில்லை.

திரும்பும்போது மகள் கார் ஓடினாள். இவர் முன் சீற்றில், நான் பின்னால். இலையெல்லாம் கொட்டி முடிந்த மரங்கள், தெருவோரத்தில் வெட்டின சோளத்தாள்.

"கிடைக்கேல்லை," என்றார் இவர். "அடுத்த வருசம் பாப்பம்."

"தண்ணி எப்பிடி இருந்தது?" என்று கேட்டேன்.

"எந்தத் தண்ணி?"

மகள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"நான் கோட்டைப் பாத்தனான். செப்டெம்பரிலையே பாத்தனான். இப்ப உங்கடை கூட்டாளி மிச்சத்தையும் சொல்லிப்போட்டார். கடிகாரத்தையும் சொன்னவர்."

இவருடைய பிடரி அசையவில்லை. ஹைவேயில் ஒரு ட்ரக் எங்களைக் கடந்து போய், அதன் காற்று காரை ஒரு தரம் உலுக்கியது.

"நீங்கள் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை. பார்க்டேலிலை நான் சொன்னது கேட்டதெண்டு கூடச் சொல்லேல்லை. கண்ட கண்ட வெள்ளையளுக்கு என்னெண்டு சொன்னனீங்கள்?"

இவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"இங்கிலீசிலை சொல்ல லேசா இருந்தது."

சண்டைக்கு ஆயத்தமாக இருந்தேன். பொய்க்கு, மழுப்பலுக்கு, உமக்கு விசர் என்பதற்கெல்லாம் பதில் வைத்திருந்தேன்.

"தமிழிலை வாயிலை வருகுதில்லை," என்றார். "உம்மைப் பாத்தா வருகுதில்லை. நான் என்ன செய்ய?"

"அப்ப எனக்கும் இங்கிலீசிலையே சொல்லுங்கோ."

"விசர்க் கதை."

"சொல்லுங்கோ. அவைக்குச் சொன்ன மாதிரியே. ஒண்டும் விடாமல்."

"அப்பா, ப்ளீஸ்," என்றாள் மகள்.

அவர் தொண்டையைச் செருமினார். திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே, தெருவைப் பார்த்துக்கொண்டு, லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஆட்களுக்கு இன்ரர்கொம்மில் ஆறுதல் சொல்லுகிற அந்த நிதானமான வேலைக்கார இங்கிலீசில் தொடங்கினார். காலையில் எந்த மேகம் இருந்தது, எந்தப் பக்கம் காற்று, எங்கே உயரம் போதாது என்று தெரிந்தும் ஏன் திரும்பவில்லை. நன்றாகச் சொன்னார். எங்கே நிறுத்தவேண்டும், எங்கே குரலைத் தாழ்த்தவேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஒருமுறை சொல்லிப் பழகிய கதை. தண்ணி மேலே வரத் தொடங்கியது. எஞ்சின் பிடிக்கவில்லை. மகள் அழத் தொடங்கியிருந்தாள், ஆனாலும் கார் நேராகத்தான் போனது.

அந்த இடம் வந்தது. நான் முன் சீற்றின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

"தென் ஐ தோட் எபவுட் மை வைஃப்'ஸ் பிரதர்," என்றார் என்னிடம்.